மூன்று கையொப்பங்கள்

ஒரு நாட்டு மக்கள் விரும்பி ஆடும் ஆட்டம் அந்நாட்டின் நிலத்தோடும் வானிலையோடும் நெருங்கிய தொடர்புடையது. ஆண்டிற் பல திங்கள் ஆறுகளும் ஏரிகளும் உறைந்து கிடக்கும் கனடாவிலே பனித்தரை ஹொக்கி மக்களின் உயிரோடு ஒன்றிய ஆட்டமாக விளங்குவதில் வியப்பில்லை. அணிக்கு அறுவர் களத்தில் நிற்பர். அவருள் ஒருவர் கோல் காவலர். இருவர் காப்பு வீரர். மூவர் முன்வரிசை வீரர். அடிப்புறத்தில் உருக்கு அலகு பொருத்திய சப்பாத்துகளை அணிந்து, பனிக்கட்டித் தரைமீது சறுக்கிச் சென்று, இறுகிய றப்பரினாலான தட்டையான வட்டொன்றை மட்டையினால் அடித்து எதிரணியின் கோலுக்குள் செலுத்துதல் வேண்டும். தரையில் ஓடுவதினும் விரைவாகச் செல்லும் வீரர்கள் உடலோடு உடல் மோதுவதற்கும் இவ்வாட்டத்தின் விதிகள் இடமளிக்கின்றன.

ஆதலின் இதனைத் தொழிலாகக் கொண்ட இளைஞன் ஒருவனுக்கு முதல் என்று சொல்லத்தக்கது அவனது உடல் ஒன்றே. வணிகனின் முதல் ஆண்டுதோறும் வளரக்கூடும். விளையாட்டு வீரனின் முதலோ ஆண்டுதோறும் தேய்வது. அதனை அவன் யாரிடம், எவ்வாறு ஒப்படைக்கின்றான் என்பதைப் பொறுத்தே அவனது பிற்கால வாழ்வு அமைகின்றது. இவ்வுண்மையைப் பொபி ஓர் என்னும் கனடிய வீரரின் வரலாறு தெளிவாக விளக்குகின்றது. அவர் இட்ட மூன்று கையொப்பங்களைப் பின்தொடர்ந்து சென்றால் அவ்வரலாறு முழுவதையும் அறிந்துகொள்ளலாம்.

பொபி 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள பரி சவுண்ட் என்னும் சிறு பட்டினத்திற் பிறந்தான். இன்று பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறி வாழும் ரொறன்ரோ மாநகரும் அதே மாகாணத்தைச் சேர்ந்ததுதான். ஆயின் பரி சவுண்டோ அந்நகரின் ஆரவாரத்துக்கு வடக்கே, நெடுந்தொலைவில், ஜோர்ஜியன் குடாவின் கரையில் அமைந்தது. தந்தையார் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிந்தவர். ஐந்து பிள்ளைகளுள் பொபி மூன்றாமவன். குடும்பத்தில் வறுமை இல்லை, வளமும் இல்லை. மாரிக்காலத்தில் ஆறும் குடாவும் உறைந்ததும் ஊர்ச் சிறுவர்கள் அனைவரும் அங்கே கூடுவர். இத்தனை பேர் என்ற கணக்கின்றி இரு பக்கமாகப் பிரிந்து ஆடுவர். வட்டைத் தன் மட்டையிற் பெற்றவன், கூட்டத்துக்குள் அதனைப் பறிகொடாமல் எவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருப்பான். பிற்காலத்திற் பேரரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று வியந்த திறமைக்கு அடிப்படை, பயிற்றுநர் எவருமின்றி அந்த ஆற்றுப் பரப்பில் இடப்பட்டது.

அக்காலத்தில் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் ஆறு அணிகளே இருந்தன. நாடெங்குமுள்ள சிறுவர்களைத் தேடிப் பிடிப்பதற்கென ஒவ்வோர் அணியும் ஆட்களை அமர்த்தியிருந்தது. 1961ஆம் ஆண்டு இளவேனிற் காலத்திலே பொஸ்டன் புறூயின்ஸ் அணியின் அதிகாரிகள் கனனோக்குவே என்னும் ஊருக்குச் சென்றனர். அவர்கள் காணச் சென்றது வேறு இரு சிறுவர்களை. ஆனால் ஆட்டம் தொடங்கியபின் அவர்தம் கண்கள் எதிரணியிலிருந்த சிறுவன் ஒருவனையே தொடர்ந்தன. அச்சிறுவனுக்கு வயது பதின்மூன்று. ஆட்டநேரம் ஏறக்குறைய முழுவதும் அவனே களத்தில் நின்றான். வட்டும் பெரும்பாலும் அவனிடமே இருந்தது.

அன்று முதல் பரி சவுண்டிலுள்ள அவ்வீட்டிற்குப் பொஸ்டன் அணியின் பிரதிநிதி அடிக்கடி விருந்தினராக வரலாயினார். 1962ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவனும் அவன் பெற்றோரும் 'சி படிவம்' எனப்பட்ட உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அதுவே முதற் கையொப்பம். அப்படிவத்தின் பொருள் யாதெனின், அச்சிறுவன் வளர்ந்து தொழில்முறை வீரனாகும் நாளில் அவனது உழைப்பு அந்த ஓர் அணிக்கே உரியது என்பதாகும். வேறோர் அணி கூடுதல் ஊதியம் தர முன்வரினும் அவன் செல்ல இயலாது. அதற்கு ஈடாகக் குடும்பத்துக்குக் கிடைத்தவை ஒரு தொகைப் பணமும், ஒரு மோட்டார் வண்டியும், வீட்டின் வெளிச்சுவர்களுக்குப் புதிய சாந்து பூசித் தரும் உறுதிமொழியுமாம். பெற்றோர் தம் மகனை விற்றுவிட்டனர் என்று இதனைக் கொண்டு எவரும் கூறுதல் பொருந்தாது. அக்காலத்துக் கனடாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறே செய்தன; பையனை ஓர் அணி விரும்பியது என்பதே பெருமையாகக் கருதப்பட்டது. அந்த உரிமையின் விலை எவ்வளவு என்பதைக் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லத்தக்கவர் எவரும் அம்மேசையில் அமர்ந்திருக்கவில்லை என்பதே கருதத்தக்கது.

பதினான்கு வயதில் மகன் வீட்டைவிட்டுப் பிரிவதற்குத் தாயார் இசையவில்லை. ஆதலின் முதற் பருவத்தில் அவன் பரி சவுண்டிலேயே தங்கிப் படித்தான். வாரவிறுதி ஆட்டங்களுக்கு மட்டும் பல மணி நேரம் வண்டியிற் பயணஞ்செய்து ஒஷாவா நகரத்து இளைஞர் அணிக்காக ஆடினான். தன்னைவிட நாலைந்து வயது மூத்தோருக்கெதிரே, அணியினரோடு சேர்ந்து பயிற்சி பெறாமலே ஆடிய சிறுவன், அடுத்த சில ஆண்டுகளிற் கனடா முழுவதும் அறியப்பட்டவனானான். பத்திரிகைகள் அவன் படத்தை வெளியிட்டன. பல ஆண்டுகளாகத் தோல்வியிற் கிடந்த பொஸ்டன் நகரத்து இரசிகர்கள் அவன் பதினெட்டு வயதை எய்தும் நாளை எண்ணிக் காத்திருந்தனர்.

அந்நாள் 1966இல் வந்தது. பொஸ்டன் அணியின் நிருவாகி முதலிற் கூற முன்வந்த ஊதியம், காத்திருந்த நகரத்தின் ஆவலுக்குச் சற்றும் ஒவ்வாதது. இம்முறை தந்தையார் தனியே பேசச் செல்லவில்லை. அலன் ஈகிள்சன் என்னும் இளஞ் சட்டத்தரணியைத் துணையாகக் கொண்டார். ஈகிள்சன் ரொறன்ரோவைச் சேர்ந்தவர். மாகாண சட்டசபையில் உறுப்பினராகவும் இருந்தவர். பேச்சிலும் துணிவிலும் மிக்கவர். வீரர் சார்பில் வேறொருவர் பேரம் பேசுவதை அணித்தலைவர்கள் அவமதிப்பாகக் கருதிய காலம் அது. எனினும் பொஸ்டன் அணி இறங்கி வர நேர்ந்தது. நிருவாகிக்குச் சொந்தமான உல்லாசப் படகொன்றில், அதுகாறும் புதுவரவான வீரர் எவரும் பெற்றிராத ஊதியத்துக்கு, பொபி ஓர் தமது இரண்டாம் கையொப்பத்தை இட்டார்.

அந்த ஒப்பந்தத்தாற் பயனடைந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் சட்டத்தரணியின் துணையோடு இவ்வளவு பெறக்கூடுமாயின், பத்தாண்டு உழைத்த தமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஏனைய வீரர்கள் வினவத் தொடங்கினர். 1967ஆம் ஆண்டில் வீரர்களின் தொழிற்சங்கம் உருவாயிற்று. அதன் முதல் நிறைவேற்றுப் பணிப்பாளராக ஈகிள்சனே அமர்ந்தார். எனவே இளைஞர் பொபி அவர்மீது வைத்த நம்பிக்கை அறிவற்ற நம்பிக்கை அன்று. நன்மை செய்த ஒருவரிடம் வைத்த நம்பிக்கையே அது. அவரைத் தம் உடன்பிறந்தார் போலக் கருதிய பொபி, பணம் தொடர்பான கருமங்கள் யாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டு, ஆட்டம் ஒன்றையே தமது கருமமாகக் கொண்டார்.

அந்த ஆட்டத்தின் சிறப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். காப்பு வீரர் எனப்படுவோர் தம் கோலின் அண்மையில் நின்று எதிரிகளைத் தடுப்பதே அந்நாள்வரை இருந்த வழக்கம். பொபியோ தம் கோலின் பின்புறத்தில் வட்டைப் பெற்று, களம் முழுவதையும் கடந்து சென்று, எதிரணியின் கோலில் அடித்துவிட்டு, எதிரிகள் திரும்புவதற்குள் தம் இடத்தை வந்தடைவார். காப்பும் தாக்குதலும் வேறு வேறு தொழில்கள் என்ற எண்ணம் அவரால் மாறிற்று. முதற் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரருக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு சிறந்த காப்பு வீரருக்குரிய நொறிஸ் கிண்ணத்தை மூத்த வீரரான ஹரி ஹவெல் பெற்றார். இனிவரும் ஆண்டுகளில் இக்கிண்ணம் பொபிக்கே உரியதாகிவிடும் என்னும் கருத்துப்பட அவர் அன்று பேசினார். அவர் சொல் பொய்க்கவில்லை. 1968 முதல் 1975 வரை எட்டு ஆண்டுகள் இடையறாது அக்கிண்ணம் பொபியிடமே இருந்தது.

கோல் அடித்தவருக்கும் அதற்கு வட்டை வழங்கி உதவியவருக்கும் புள்ளிகள் கணிக்கும் முறையில், லீக் முழுவதிலும் முதலிடம் பெறுதல் முன்வரிசை வீரருக்கே இயல்வது என்று கருதப்பட்டிருந்தது. பொபி 1970இல் 120 புள்ளிகளோடும் 1975இல் 135 புள்ளிகளோடும் அவ்விடத்தை அடைந்தார். வேறெந்தக் காப்பு வீரரும் இன்றுவரை அதனை அடையவில்லை. 1970ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், சென் லூயிஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் மேலதிக நேரம் தொடங்கி 40 விநாடிகளில் அவர் அடித்த கோல், இருபத்தொன்பது ஆண்டுகளின்பின் ஸ்ரான்லி கிண்ணத்தைப் பொஸ்டனுக்குப் பெற்றுத் தந்தது. வட்டு உட்சென்ற கணத்தில் எதிரணி வீரரின் மட்டை அவர் காலிற் பட, அவர் இரு கைகளையும் விரித்தபடி அந்தரத்திற் பறந்தார். அந்நிலையில் எடுக்கப்பட்ட புகைப்படம் இன்றும் கனடிய இல்லங்களில் தொங்குகின்றது.

அப்படத்தைக் காண்போர் முகத்திலுள்ள மகிழ்ச்சியைக் காண்பர். முழங்காலைக் காண்பவர் சிலரே. முதற் பருவத்திலேயே அவரது இடது முழங்கால் காயமுற்றிருந்தது. வட்டை வைத்திருப்பவன்மீதே எதிரிகள் பாய்வர். வட்டோ எப்பொழுதும் அவரிடமே இருந்தது. முழங்காலினுள்ளே எலும்புகள் ஒன்றோடொன்று உராயாவண்ணம் மெத்தை போலக் காக்கும் குருத்தெலும்பு உண்டு. அது கிழிந்தாற் காலைத் திறந்து அதனை வெட்டி நீக்குவதே அக்காலத்து மருத்துவம். சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்திச் செப்பஞ்செய்யும் இன்றைய முறை அன்று பரவியிருக்கவில்லை. மெத்தை நீங்கிய மூட்டில் எலும்பும் எலும்பும் உராய்ந்தன. பத்துக்கு மேற்பட்ட சத்திர சிகிச்சைகளை அம்முழங்கால் தாங்கியது. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னரும் அவர் களத்துக்குத் திரும்பினார். திரும்பிய ஒவ்வொரு முறையும் சிறிது குறைந்தே திரும்பினார். 1972இல் கனடாவுக்கும் சோவியத் நாட்டுக்குமிடையே நிகழ்ந்த புகழ்பெற்ற எட்டு ஆட்டங்களில் ஒன்றிற்கூட அவரால் ஆட இயலவில்லை. 1975ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்தில் அவர் பொஸ்டனுக்காக ஆடியவை பத்து ஆட்டங்களே.

அப்பருவத்தோடு அவரது ஒப்பந்தமும் முடிவுற்றது. வயது இருபத்தெட்டு. ஓட இயலாத காலுடைய வீரருக்குப் பொஸ்டன் என்ன தர முன்வரும் என்பதை அவர் ஈகிள்சன் வாயிலாகவே அறிந்தார். அணி தம்மை விரும்பவில்லை என்றே விளங்கிக்கொண்டார். 1976இல் சிக்காகோ அணியின் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார். இது மூன்றாவது கையொப்பம். உண்மையிற் பொஸ்டன் அணியின் உரிமையாளர்கள் ஊதியத்தோடு அணியின் உடைமையிலேயே ஏறத்தாழ 18.5 சதவீதப் பங்கினைத் தர முன்வந்திருந்தனர். அதனைத் தமக்கு எவரும் உள்ளவாறு எடுத்துரைக்கவில்லை என்பது பொபியின் கூற்று. ஈகிள்சன் இதனை மறுத்தார். எவ்வாறாயினும், தம் வாழ்வின் தலையாய முடிவொன்றைச் செய்தபோது பொபி அதற்குரிய தாள்களைத் தாமே விரித்துப் படிக்கவில்லை என்பது மட்டும் ஐயமற்றது. அன்றைய அப்பங்கின் பெறுமதி இன்று பல கோடி டொலர்களாகும்.

1976ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பன்னாட்டு அணிகள் பங்குபற்றிய கனடாக் கிண்ணப் போட்டியில் அவர் ஆடினார். ஆட்டங்களுக்கிடையே பயிற்சி செய்யவும் முழங்கால் இடந்தரவில்லை. அப்படியிருந்தும் கனடா வென்றது; போட்டியின் தலைசிறந்த வீரர் என்ற விருது அவருக்கே கிட்டியது. அதுவே அணையும் விளக்கின் கடைசிச் சுடர். சிக்காகோவுக்காக அவர் ஆட முடிந்தவை மொத்தம் இருபத்தாறு ஆட்டங்கள். ஆடாத நாள்களுக்குரிய காசோலைகளை அவர் மாற்றவில்லை. ஆடுவதற்கன்றோ தமக்கு ஊதியம், ஆடாதபோது பெறுவது முறையன்று என்பது அவர் கொள்கை. 1978 நவம்பரில், முப்பது வயதில், அவர் ஓய்வு பெற்றார். அவரது பன்னிரு பருவ வாழ்வின் கணக்கு 657 ஆட்டங்கள், 270 கோல்கள், 645 உதவிகள் என்று முடிந்தது. 1979 ஜனவரியிற் பொஸ்டனில் அவரது நாலாம் இலக்கச் சட்டையை அரங்கின் உச்சியில் உயர்த்தியபோது, திரண்டிருந்தோர் பத்து நிமிடத்துக்கு மேலாகக் கைதட்டலை நிறுத்தவில்லை. பேசுவதற்காக எழுந்தவர் பேச முடியாமல் நின்றார்.

கைதட்டல் ஓய்ந்தபின் மற்றொரு கணக்கைப் பார்க்க வேண்டியதாயிற்று. பத்தாண்டுகள் லீக்கின் மிகப் பெரும் ஊதியங்களுள் ஒன்றைப் பெற்ற வீரரின் கடன், கைப்பொருளை மிஞ்சி நின்றது. சேமிப்பு என்று நம்பியிருந்தது இல்லை. வரிகள் நிலுவையில் இருந்தன. 1980இல் அவர் ஈகிள்சனை விட்டுப் பிரிந்தார். முழங்கால் முறிந்ததற்கு அவர் எவரையும் குறை கூறவில்லை. அது தொழிலின் இயல்பு. நம்பிக்கை முறிந்ததே அவரால் ஆற்றமுடியாத துயராயிற்று.

ஈகிள்சன் அதன்பின்னரும் பல்லாண்டு சங்கத்தின் தலைமையில் இருந்தார். மசசூசெற்ஸ் மாநிலத்தின் சிறு நகரமாகிய லோரன்சில் வெளிவந்த பத்திரிகையொன்றின் நிருபர் றஸ் கொன்வே, காயமுற்ற பழைய வீரர்களைத் தேடிச்சென்று விசாரித்து, சங்கத்தின் கணக்குகளைப்பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். வழக்குகள் எழுந்தன. 1998ஆம் ஆண்டு ஜனவரியில், பொஸ்டனிலும் பின்னர் ரொறன்ரோவிலும் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பத்து இலட்சம் கனடிய டொலர் அபராதமும் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன. அவ்வழக்குகள் வீரர் சங்கத்தையும் பன்னாட்டுப் போட்டிகளின் வருவாயையும் சார்ந்தவை. பொபியின் தனிக் கணக்கைச் சார்ந்தவை அல்ல. ஆயினும் தீர்ப்பு நாளன்று பொஸ்டன் நீதிமன்றத்தில் வந்தமர்ந்த முன்னாள் வீரர்கள் சிலருள் பொபியும் ஒருவர். ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் ஈகிள்சனின் பெயர் நீடிக்குமாயின் தம் பெயரை நீக்கிக்கொள்வதாக அவரும் வேறு சிலரும் தெரிவித்தனர். ஈகிள்சன் தாமே விலகிக்கொண்டார்.

இவ்வளவுக்குப் பின்னரும் பொபி கசந்து ஒதுங்கிவிடவில்லை. கடன்களை அடைத்தார், விளம்பரங்களிலும் நிறுவனங்களிலும் பணிபுரிந்து குடும்பத்தை நிலைநிறுத்தினார். பின்னர் அவர் மேற்கொண்ட தொழில் கருதத்தக்கது. அவர் வீரர்களின் முகவரானார். எந்த நாற்காலியில் அமர்ந்தவரால் தமக்குக் கேடு வந்ததோ, அதே நாற்காலியில் இளைஞர்களின் சார்பில் வந்தமர்ந்தார். பதினைந்து பதினாறு வயது மகனை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோரின் எதிரே, தம் தந்தையாரின் நிலையை நன்குணர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தார் என்பது சிறிய செய்தியன்று. 2013இல் வெளிவந்த தமது வாழ்க்கை வரலாற்று நூலில், சிறுவர்களை இளமையிலேயே ஓய்வின்றிப் பயிற்றிப் பணமும் புகழும் ஈட்டும் கருவிகளாக்குவதை அவர் கண்டித்தார். ஆட்டத்தில் அவர்களுக்குள்ள மகிழ்ச்சியை முதலிற் காத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஒரு சிறுவனிடத்தில் திறமை தோன்றியதும் அதனை முதலில் இனங்காண்பவர் பெரும்பாலும் அதனாற் பயன்பெற விரும்புவோரே. அவர்களை நோதல் வீண், அவர்கள் வந்தேதீர்வர். அவர்கள் வரும் நாளில் அச்சிறுவனின் பக்கத்தில் யார் இருக்கின்றார், அவன் கையொப்பமிடும் தாளை அவனுக்கு யார் படித்துக் காட்டுகின்றார் என்பதே வினா. நல்ல துணைவர் கிடைப்பது பேறுதான். எனினும், எத்துணை நல்லவர் துணை நின்றபோதும், தன் வரவையும் செலவையும் தானே பார்த்தறியும் பழக்கத்தை இளைஞன் கைவிடலாகாது. கணக்கைக் காட்டுமாறு கேட்பது நன்றிகேடு ஆகாது. நேர்மையுடையவர் அதனை விரும்பியே காட்டுவர். வட்டைக் கணமும் பறிகொடாமற் களம் முழுவதும் கொண்டுசென்ற ஒருவர், தம் உழைப்பின் பயனைப் பிறர் கையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராதிருந்தார். அவரிடத்தில் வந்தமர்ந்த இளைஞர்கள் இரண்டையும் சேர்த்தே கற்கவேண்டும் என்பதற்காகவே, அவர் தமது கதையை மறைக்காமல் எழுதிவைத்தார்.